கடலின் இடது மூலை

எனக்குக் கிடைத்தது வசனமில்லாத வேடம்:
நீலத் துணியின் இடது மூலை.
லெபோ பசாரில் வாங்கியது, மீட்டர் நாலு வெள்ளி அறுபது காசு.
இருபத்தாறு மீட்டர் என்றதும்
கல்யாண மேடைக்கா என்றார் கடைக்காரர்.
கடலுக்கு என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
விலை குறைக்கவில்லை.

யோகராணி எங்கெங்கோ கேட்டதையும்
தானே கோத்ததையும் சேர்த்து எழுதிய கதை:
ஒழுகும் படகில் ஒருத்தி,
அழும் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டு போகிறாள்.
அந்தப் பக்கமாக நீந்திய ஆமை
முடிவைக் கேட்டுவிட்டுப் போகலாமென்று நிற்கிறது.
அவள் அதன் முதுகில் ஏறிக்கொள்கிறாள்.
விஷயம் புரிந்துவிடுகிறது அவளுக்கு.
முடித்தால் இது மூழ்கும்.
முடிக்காத வரை தீவு.

அதன்மேல்தான் பிறகு
கோயில், பள்ளிவாசல், கொங்சி வீடு, காப்பிக்கடை.
அப்படியும் நம்பிக்கை வராமல்
இரண்டு பாலம் போட்டுக்
கரையோடு கட்டி வைத்தார்கள் என்று
ஒரு பாட்டில் வரும்.
அந்த வரிக்கு எப்போதும் சிரிப்பு விழும்.

ஒத்திகை ஜெலுத்தோங்கில், பூப்பந்து மண்டபத்தில்.
லாரி ஓட்டும் புவனேந்திரன்தான் ஆமை.
பழைய தண்ணீர்த் தொட்டியின் பாதி
அவன் முதுகில் ஓடாக.
கதை சொல்பவள் ரஷிடா, மருத்துவமனைத் தாதி.
மூன்று வாரம் அவளுக்கு ‘ழ’ வரவில்லை,
ஆழம் ஆலமரத்தோடு சேர்ந்துகொண்டது.
நாலாவது வாரம் வந்தது,
எங்கள் எவருக்கும் வராத மாதிரி.

நான் பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
தூசி படாத அறையில்
கண் மட்டும் தெரிய நின்று
சில்லுகளைச் சோதிப்பவன்.
அலை தோளிலிருந்து வராது,
மணிக்கட்டிலிருந்து வரும்.
அதை எனக்கு யாரும் சொல்லவில்லை,
வலி சொன்னது.

முடிவில்லாத கதைக்கு எப்படி முடிவு போடுவது?
பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள்.
ஒன்பது நாற்பத்தைந்துக்கு
எனக்குக் கடைசிச் சுரம் வேண்டும் என்றாள் பீ லெங்,
பியானோ மூடியைச் சாத்தியபடி.
யோகராணி இரண்டு நாள் யோசித்து எழுதினாள்:
பிள்ளை ‘அப்புறம்?’ என்கிறது.
சிவப்பு விளக்கு.
நாலு மூலையும் கையை விட,
கடல் தரையில் விழுகிறது.
இருட்டு. கைத்தட்டல்.

முதல் நாள்.
தகரக் கூரையில் மழை,
பாதிப் பாட்டு அதற்கே போயிற்று.
‘அப்புறம்?’ என்றது பிள்ளை.
விளக்கு சிவந்தது.
விடத்தான் இருந்தேன்.
முன்வரிசையில் ஒரு பையன்,
ஐந்து வயதிருக்கும்,
செருப்பைக் கழற்றிவிட்டு
காலால் தரையை அழுத்திப் பார்த்தான்.
மறுபடி அழுத்தினான்.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

மூன்று மூலை விழுந்தது.
என் மூலை விழவில்லை.
ஒரு கைக்கடல்
எப்படியிருக்குமென்று கேட்காதீர்கள்,
போர்வை உதறுவது போலத்தான் இருந்திருக்கும்.
சிலர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள்.
திரைக்குப் பின்னாலிருந்து
யோகராணி என் பெயரை
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ரஷிடா என்னைப் பார்த்தாள்.
துணியைப் பார்த்தாள்.
மூச்சை இழுத்து
‘ஒழுகும் படகில்’ என்று
முதல் வரியை எடுத்தாள்.
ஹொக்கியனில் ஏதோ திட்டியபடி
பீ லெங் கட்டைகளில் கைவைத்தாள்.
மூன்று மூலைகளும்
ஒவ்வொன்றாய்த் தரையிலிருந்து எழும்பின.
தொட்டிக்குள்ளிருந்து புவனேந்திரன்
‘இன்னுமா?’ என்றது
பின்வரிசை வரை கேட்டது.

காவலாளி வாசலில் சாவிக்கொத்தை ஆட்டினார்.
பத்து ஐந்து. பத்து இருபது.
அப்புறம் அவரும்
கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அபராதச் சீட்டு வந்தது, எண்பது வெள்ளி.
என் சம்பளத்தில்தான் கட்டினேன்.
யோகராணி இன்னும் என்னோடு பேசவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
மலாயில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி:
நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை.